கோட்டைக்கு உள்ளே போய்ப் பார்த்த நாள்

தரம் எட்டில் படிக்கும் மகனுக்கு வரலாற்றுப் பாடத்தில் ஓர் ஒப்படை. வட மாகாணத்திலுள்ள ஒரு வரலாற்றுச் சின்னத்தை நேரில் போய்ப் பார்த்து, நான்கு பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவன் யாழ்ப்பாணக் கோட்டையைத் தெரிவு செய்தான். ஞாயிற்றுக்கிழமை காலை போய்ப் பின்னேரம் திரும்பலாம் என்று நானும் இவரும் கதைத்துக்கொண்டிருந்தபோது, குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்த அம்மா சொன்னா.

"நானும் வாறன்."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நாங்கள் இப்போது இருப்பது கிளிநொச்சியில். ஆஸ்பத்திரிக்கு, கலியாண வீட்டுக்கு, நல்லூர்த் திருவிழாவுக்கு என்று அம்மா எத்தனையோ தரம் யாழ்ப்பாணம் போய் வந்திருக்கிறா. ஆனால் பஸ் நிலையத்துக்கு அப்பால், கடற்கரைப் பக்கமாக, ஒருநாளும் போனதில்லை. அவ பிறந்து வளர்ந்தது கொட்டடியில். கோட்டைக்கும் அந்த வீட்டுக்கும் நடை தூரம்தான். அப்படி இருந்தும் எழுபது வயதை நெருங்கும் அம்மா கோட்டைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

அன்று அங்கே பார்த்ததையும், மகனின் ஒப்படைக்காக நான் தேடி வாசித்ததையும், அம்மா சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோட்டை பார்க்கப் போகிறவர்களுக்கு இது பயன்படலாம்.

முற்றவெளியில்

கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் ஏறக்குறைய 65 கிலோமீற்றர். ஆனையிறவைக் கடந்தால் கொடிகாமம், சாவகச்சேரி, கைதடி, நாவற்குழிப் பாலம் என்று 1995 ஒக்ரோபரில் நாங்கள் எதிர்த்திசையில் நடந்து வந்த அதே வழி. நாவற்குழிப் பாலம் வந்தபோது அம்மா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டா. சின்னவள் பின்னேரம் நல்லூரில் ஐஸ்கிறீம் வாங்கித் தருவதாக நான் கொடுத்த வாக்கை நினைவூட்டிக்கொண்டே வந்தாள்.

பஸ் நிலையத்திலிருந்து ஓட்டோ பிடித்து முற்றவெளியில் இறங்கினோம். கோட்டைக்குப் போகிறவர்கள் முதலில் இந்த வெளியில் நின்று சுற்றிவரப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தின் அரைவாசி வரலாறு அந்த ஒரு சுற்றுக்குள் இருக்கிறது. 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் கட்டப்பட்ட பொது நூலகம் ஒரு பக்கம். அன்று அங்கே எரிந்துபோன நூல்கள் ஏறக்குறைய 97,000. இன்னொரு பக்கம் வீரசிங்கம் மண்டபம். அதன் அருகே, 1974 ஜனவரி 10ஆம் திகதி உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் உயிரிழந்தவர்களுக்கான நினைவுச் சின்னம். துரையப்பா விளையாட்டரங்கு, மணிக்கூட்டுக் கோபுரம், முனியப்பர் கோயில் எல்லாம் கூப்பிடு தூரத்தில்.

"ஏன் அம்மா இந்த இடத்தில மட்டும் வீடு வளவு ஒண்டும் இல்லை?" என்று மகன் கேட்டான்.

நல்ல கேள்வி. பீரங்கிக் காலத்துக் கோட்டைக்கு முன்னால் வெட்டவெளி இருக்க வேண்டும் என்பது விதி. மரமோ வீடோ இருந்தால் வருகிறவன் அதன் மறைவில் நெருங்கிவிடுவான். உள்ளே நிற்பவனுக்கு வெளியே வருகிற ஒவ்வொருவனும் தெரிய வேண்டும். நாங்கள் கூட்டம் வைக்கவும் விளையாடவும் காற்று வாங்கவும் பாவிக்கிற இந்த வெளி, அந்தக் கணக்கோடு சேர்ந்து வந்தது.

அம்மா முனியப்பர் கோயிலில் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்தா. "சின்னனில இதுவரைக்கும் வருவம். அங்கால போறேல்லை. உள்ளுக்கு மறியல்காரரை வைச்சிருந்தவங்கள். அப்பு பேசுவார்" என்றா.

கோட்டைக்கு முன்பு இருந்த ஊர்

கோட்டை என்றால் பறங்கியர் வந்த நாளிலிருந்துதான் கதை தொடங்குகிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது சரியல்ல. போர் முடிந்த பின் கோட்டைக்குள் நடந்த அகழ்வாய்வுகளில், ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையில் மக்கள் வாழ்ந்ததற்கும் கடல் வாணிபம் நடந்ததற்கும் சான்றுகள் கிடைத்திருக்கின்றன. இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த மட்பாண்டங்களின் துண்டுகள் அவற்றுள் அடங்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தினரும் இந்த ஆய்வுகளில் பங்குகொண்டார்கள்.

ஆகவே இது வெறும் கடற்கரையாகக் கிடந்த இடமல்ல. வள்ளங்கள் வந்துபோன துறை. தலைநகரான நல்லூர் உள்ளே தள்ளி இருந்தது. அரசனின் இருப்பிடம் அங்கே, வாணிபம் இங்கே.

1619: நல்லூரிலிருந்து கடற்கரைக்கு

போர்த்துக்கேயர் ஒரே நாளில் யாழ்ப்பாணத்தைப் பிடிக்கவில்லை. 1560இல் ஒரு படையெடுப்பு வந்தது. 1591இல் இன்னொன்று வந்தது. அதில் மன்னன் கொல்லப்பட்டு, தங்களுக்கு இசைந்த ஒருவரை அரசுகட்டிலில் ஏற்றினார்கள். 1619இல் பிலிப் டி ஒலிவேரா படையோடு வந்தபோது யாழ்ப்பாண அரசு முடிந்தது. கடைசி மன்னன் சங்கிலி குமாரன் பிடிபட்டுக் கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே கொல்லப்பட்டான்.

ஒலிவேரா நல்லூரில் நிலைகொள்ளவில்லை. கடல் வழியாக உணவும் ஆளும் ஆயுதமும் வந்துசேரக்கூடிய இடம் அவனுக்குத் தேவைப்பட்டது. கரையோரத்தில் சதுர வடிவில் ஒரு கோட்டை எழுந்தது. அற்புத மாதாவின் பெயரை அதற்கு வைத்தார்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். கோயிற் கற்கள் கோட்டை கட்டப் போயின என்பது எங்கள் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருவது. இன்றைய நல்லூர்க் கோயில் ஒல்லாந்தர் காலத்தில், 1734இல், மீண்டும் எழுந்தது.

மகன் கொப்பியில் எழுதிக்கொண்டே கேட்டான், "அப்ப இது எங்கட கல்லு, அவங்கட கோட்டை?"

"அப்பிடி எழுதாதை, ரீச்சர் வெட்டிப்போடுவா" என்று இவர் சிரித்தார். நான் எழுதச் சொன்னேன்.

ஐந்து மூலைக் கோட்டை

அகழிக்கு மேலுள்ள வழியால் நடந்து வாசலுக்குள் நுழைந்தால், மதிலின் தடிப்பு முதலில் கண்ணில் படும். வெயிலில் இருந்து உள்ளே போனதும் குளிர்ச்சி. சின்னவள் "குகை" என்றாள். வாசலில் 1680 என்று ஆண்டு பொறித்திருப்பது ஒல்லாந்தரின் கணக்கு.

1658இல் ஒல்லாந்தர் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டார்கள். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த முற்றுகை. உள்ளே பசியும் நோயும் பெருகி, ஜூன் மாதத்தில் போர்த்துக்கேயர் சரணடைந்தார்கள். இலங்கையில் அவர்களிடம் கடைசியாக எஞ்சியிருந்த அரணும் அதோடு போனது. பிடித்த கோட்டையை ஒல்லாந்தர் அப்படியே வைத்திருக்கவில்லை. சதுரக் கோட்டையை மாற்றி ஐங்கோணமாகக் கட்டினார்கள். இன்று நாங்கள் பார்ப்பது அதைத்தான்.

ஐந்து மூலைக்கும் ஐந்து கொத்தளங்கள். ஒல்லாந்து, சீலாந்து, கெல்டர்லாந்து, உட்ரெக்ட், பிரீஸ்லாந்து என்று தங்கள் நாட்டு மாகாணங்களின் பெயர்களை அவற்றுக்கு வைத்தார்கள். மூலைகள் ஏன் அம்பு முனை போல வெளியே நீண்டிருக்கின்றன என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுக்கலாம். நேரான மதிலின் அடியில் ஒருவன் வந்து ஒட்டி நின்றால், மேலே நிற்பவனுக்கு அவன் தெரியமாட்டான். மூலை வெளியே நீண்டிருந்தால், ஒரு கொத்தளத்தில் நிற்பவன் பக்கத்து மதிலின் அடியை நெடுகப் பார்த்துச் சுடலாம். கோட்டையைச் சுற்றி ஒளிந்து நிற்க ஒரு சாண் இடமும் இல்லாமற் செய்வதுதான் அந்த வடிவத்தின் நோக்கம்.

ஐங்கோணத்துக்கு வெளியே அகழி, அதற்கும் வெளியே முக்கோண முன்னரண்கள். அவையெல்லாம் 1792இல்தான் கட்டி முடிந்தன. மேலிருந்து எடுத்த படங்களில் நட்சத்திரம் போலத் தெரிவது இதனால்தான். கட்டப் பயன்பட்டது பெரும்பாலும் முருகைக்கல்லும் சுண்ணாம்பும். மதிலில் கையை வைத்துப் பார்த்தால் சில கற்களில் கடற்பூச்சிகள் கட்டிய கண்ணறைகள் இன்னும் தெரியும்.

இவ்வளவு கல்லையும் யார் வெட்டினார்கள், யார் சுமந்தார்கள்? போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் யாழ்ப்பாணத்தில் "ஊழியம்" என்ற கட்டாய வேலை முறை இருந்தது. ஆண்டில் இத்தனை நாள் கூலியில்லாமல் அரசுக்கு உழைக்க வேண்டும். முடியாதவர் பணம் கட்ட வேண்டும். சாதி வரிசையில் கீழே தள்ளப்பட்டவர்களின் முதுகில்தான் அந்தச் சுமை கூடுதலாக விழுந்தது. கொத்தளங்களுக்கு ஒல்லாந்து மாகாணங்களின் பெயர் இருக்கிறது. கல் சுமந்த ஒருவரின் பெயர்கூட அங்கே இல்லை.

இந்தக் கோட்டைக்குள் இருந்துதான் ஒல்லாந்தத் தளபதி யாழ்ப்பாணப் பிரதேசத்தை ஆண்டார். யானை, புகையிலை, சாயவேர், பனை மரம் எல்லாவற்றின் கணக்கும் இங்கே வந்தது. 1707இல் எங்கள் ஊர் வழக்கங்களைத் திரட்டித் தேசவழமைச் சட்டமாகத் தொகுத்ததும் அவர்கள் காலத்தில். இன்றும் சீதனக் காணிக்கும் முதுசத்துக்கும் நாங்கள் அந்தச் சட்டத்தைத்தான் பார்க்கிறோம்.

உள்ளே 1706இல் ஒரு பெரிய தேவாலயம் கட்டினார்கள். நான்கு பக்கமும் ஒரே அளவான சிலுவை வடிவம். கொழும்பு வுல்பெண்டால் தேவாலயத்தைவிட அரை நூற்றாண்டு மூத்தது. அது இப்போது இல்லை. இடிபாட்டுக் கற்குவியலும் அடித்தளமும்தான் இருக்கின்றன. எப்படி இல்லாமற் போனது என்பதைச் சொல்ல எங்கள் காலத்துக்கு வரவேண்டும்.

சுடாமற் கிடந்த பீரங்கிகள்

1792இல் கடைசி அரணும் முடிந்தது என்றேன். மூன்றே ஆண்டுகளில், 1795 செப்ரெம்பர் 28ஆம் திகதி, ஆங்கிலேயர் வந்தார்கள். ஒல்லாந்தர் சண்டை பிடிக்காமலே கோட்டையை ஒப்படைத்தார்கள். நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் பாடுபட்டுக் கட்டிய கோட்டை, கட்டியவர்களுக்கு ஒரு நாளும் உதவவில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் கோட்டைக்குள் அலுவலர்களும் சிறையும் இருந்தன. பின்னாளில் பெரிய எழுத்தாளரான லெனார்ட் வுல்ஃப், 1905இல் இளம் சிவில் சேவை உத்தியோகத்தராக யாழ்ப்பாணம் வந்தபோது, கோட்டை மதிலின் மேலிருந்த ஒரு பங்களாவில்தான் குடியிருந்தார். சுதந்திரத்துக்குப் பின்னும் சிறை அங்கே தொடர்ந்தது. அம்மாவின் அப்பு பேசியது அதற்காகத்தான்.

வாசித்துக்கொண்டு போகும்போது எனக்கு ஒன்று பிடிபட்டது. ஒல்லாந்தர் கட்டிய இந்த மதில்கள் அவர்கள் காலத்தில் முற்றுகையைப் பார்க்கவில்லை. ஆங்கிலேயர் காலத்திலும் பார்க்கவில்லை. ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டில் போட்ட கணக்கில் எழுப்பிய கோட்டை, தன் முதலாவது யுத்தத்தைப் பார்த்தது இருபதாம் நூற்றாண்டின் கடைசியில். வெளியே நின்றவர்கள் நாங்கள்.

எங்கள் காலம்

எண்பதுகளில் கோட்டை இராணுவ முகாமாக இருந்தது. 1985க்குப் பிறகு யாழ்ப்பாண நகரம் இயக்கங்களின் கைக்கு வர, படையினர் கோட்டைக்குள் முடங்கினார்கள். வெளியே வர முடியாதவர்கள் உள்ளிருந்து ஷெல் அடித்தார்கள். கொட்டடி, பெரியகடை, குருநகர், நாவாந்துறை என்று கோட்டையைச் சுற்றியிருந்த சனம், ஷெல் புறப்படுகிற சத்தத்துக்கும் விழுகிற சத்தத்துக்கும் இடையில் எத்தனை எண்ணலாம் என்று பழகிக்கொண்டது. எனக்கு நூறு வரை எண்ணத் தெரியுமுன் அந்த எண்ணிக்கை தெரியும்.

1987இல் இந்தியப் படையும் கோட்டையில் நிலைகொண்டது. அது போன பின், 1990 ஜூனில் மீண்டும் யுத்தம் தொடங்க, விடுதலைப் புலிகள் கோட்டையை முற்றுகையிட்டார்கள். மூன்று மாதத்துக்கு மேல் அது நீடித்தது. மேலே ஹெலியும் குண்டுவீச்சு விமானமும், உள்ளேயிருந்து ஷெல். நகரத்தின் மையம் முழுதாகக் காலியானது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிகூட இருந்த இடத்தில் இயங்க முடியாமற் போனது. கோட்டையைச் சுற்றியிருந்த வீடுகள் கல்மேடுகளாயின. தேவாலயம் சிதைந்ததும் அந்தச் சண்டையில்தான். செப்ரெம்பரில் மண்டைதீவுப் பக்கமிருந்து கடலால் வந்த படையினர் உள்ளே இருந்தவர்களை மீட்டார்கள். அந்த மாதம் 26ஆம் திகதி இராணுவம் கோட்டையை விட்டுப் போனது.

1658இல் மூன்று மாதம், 1990இல் மூன்று மாதம். இரண்டு தடவையும் உள்ளே இருந்தவர்களின் உணவும் தண்ணீரும்தான் முடிவைத் தீர்மானித்தன.

இன்னொரு படை வந்து குந்திவிடக் கூடாது என்று, அதன் பிறகு மதிலின் பகுதிகள் இடிக்கப்பட்டன. 1995 கடைசியில் யாழ்ப்பாணம் மீண்டும் இராணுவத்தின் கைக்குப் போனது. 2009க்குப் பிறகு தொல்லியல் திணைக்களம் நெதர்லாந்து அரசின் உதவியோடு திருத்த வேலைகளைத் தொடங்கியது. இன்று பார்க்கிற மதிலில் எது பழைய கல், எது புதிதாக வைத்தது என்பது நிறத்தில் தெரிகிறது.

மதிலுக்கு மேலே

உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு மதிலுக்கு மேலே போகும் சரிவால் ஏறினோம். அம்மாவின் முழங்காலுக்கு அது கஷ்டம். "கீழ இருக்கிறியளோ அம்மா, நாங்கள் பார்த்திட்டு வாறம்" என்றேன்.

"இல்லைப் பிள்ளை. மேல போகத்தானே வந்தனான்."

மகன் ஒரு கையைப் பிடிக்க, நான் மற்றக் கையைப் பிடிக்க, நின்று நின்று ஏறினோம். மேலே போனால் தெற்கே முழுவதும் கடல். ஆழமில்லாத பரவைக்கடல். வெயிலில் மீனவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பண்ணைப் பாலத்தால் தீவகத்துக்குப் போகும் பஸ் ஒன்று சின்னதாகத் தெரிந்தது. பிள்ளைகள் அந்தப் பக்கம் ஓடினார்கள். எல்லோரும் படம் எடுப்பது அந்தப் பக்கம்தான்.

அம்மா கடலைப் பார்க்கவில்லை. பட்டினப் பக்கம் திரும்பி நின்றா.

"எங்கட வீட்டுப் பக்கம் எது?"

இவர் போனில் வரைபடத்தைத் திறந்து, நூலகத்தை வைத்துத் திசை பிடித்து, விரலால் காட்டினார். மரங்கள், தண்ணீர்த் தொட்டிகள், புது வீடுகளின் மேல்மாடிகள். அம்மா நெற்றியில் கையை வைத்து நெடுநேரம் பார்த்தா.

"இவ்வளவு கிட்டவே?" என்றா. "நாங்கள் அங்க இருந்து பாக்கேக்க கோட்டை தூரமாத்தான் தெரிஞ்சது. இங்க நிண்டவங்களுக்கு எங்கட கிணத்தடியே தெரிஞ்சிருக்கும் போல."

பிறகு, யாரும் கேட்காமலே, சின்னமாமாவைப் பற்றிச் சொன்னா.

சின்னமாமா அம்மாவின் தம்பி. 1990 ஜூலையில் இறந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. அப்போது எனக்கு ஏழு. நாங்கள் கொட்டடியை விட்டு மானிப்பாயில் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்தோம். சின்னமாமா வீட்டைப் பார்த்துவர என்று தனியப் போனார், ஒழுங்கையில் ஷெல் விழுந்தது. இதுதான் எனக்குச் சொல்லப்பட்ட கதை. நான் என் பிள்ளைகளுக்குச் சொன்னதும் அதுதான்.

"அவன் வீடு பாக்கப் போகேல்லை. நான்தான் அனுப்பினனான்" என்றா அம்மா.

அப்பா அதற்கு முதல் வருடமே இறந்துவிட்டார். அம்மா தைத்துத்தான் எங்களை வளர்த்தா. ஓடும்போது தையல் மெசினைக் கொண்டுவர முடியவில்லை. மானிப்பாயில் கையிலிருந்த காசு முடிந்தது. மெசினின் தலையை மட்டும் கழற்றி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தால் போதும் என்று அம்மா தம்பியிடம் சொல்லியிருக்கிறா. விடியப் போனால் ஷெல் குறைவு என்று நேரமும் சொல்லிக் கொடுத்திருக்கிறா. அவர் போனார், கழற்றினார், கட்டினார். திரும்பும் வழியில் ஒழுங்கை முகப்பில் விழுந்தார். சைக்கிளும் மெசின் தலையும் பழுதில்லாமல் வந்து சேர்ந்தன.

"அந்த மெசினிலதான் பிறகு தைச்சனான். தைக்காமல் விட்டால் நீங்கள் பட்டினி. தைச்சால் ஒவ்வொரு மிதிக்கும் அவன்தான். தொண்ணூற்றஞ்சில அதைத்தான் தூக்கிக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்தனான். பிறகு மாத்தளனில விட்டிட்டு வந்தன்."

எனக்கு அந்த மெசினை நல்ல நினைவு. என் பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் அதில் தைத்தவை. முப்பது வருடத்துக்கு மேலாக அம்மா ஏன் இந்தப் பக்கம் வராமல் இருந்தா என்பதற்கு நான் வேறு காரணம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஷெல் அடித்தவர்கள் மேலுள்ள கோபம் என்று. அது மட்டும் இல்லை.

என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மகன் அருகில் வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றதை அப்போதுதான் கண்டேன். அவன் கொப்பியை மூடிவிட்டு, "அம்மம்மா, ஷெல்லை அடிச்சது அங்க இருந்தவங்கள். நீங்கள் இல்லை" என்றான். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அவ்வளவுதான் சொல்லத் தெரியும். அம்மா அவனுடைய தலையைத் தடவினா. சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இறங்கும்போது அம்மா இன்னொன்றும் சொன்னா. "மூண்டு மாசம் இதுக்குள்ள தண்ணியும் இல்லாமல் கிடந்ததுகளும் ஆரோ பெத்ததுகள்தான். அதுக்காக என்ர தம்பி திரும்பி வரப்போறானோ." இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னா. நான் அதை எந்தப் பக்கத்துக்கும் சாய்த்து எழுத விரும்பவில்லை.

போகிறவர்களுக்கு

கோட்டைக்குப் போக நல்ல நேரம் காலை வேளை, அல்லது நான்கு மணிக்குப் பின். உள்ளே நிழல் மிகக் குறைவு. தொப்பி, குடை, தண்ணீர் கட்டாயம். நாங்கள் புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு போய், வெளியே வந்து மர நிழலில் சாப்பிட்டோம். மதில் மேலே ஓரத்தில் பிள்ளைகளை ஓட விடாதீர்கள், கீழே அகழி. வயதானவர்களை அவசரப்படுத்தாமல் ஏற்றுங்கள்.

முற்றவெளியில் தொடங்கி, வாசல், தேவாலயத்தின் இடிபாடு, பிறகு மதில் மேல் ஒரு சுற்று என்று பார்த்தால் இரண்டு மணித்தியாலம் போதும். வெளியே வந்து நூலகத்தையும் பார்த்தால் பிள்ளைகளுக்கு அந்த நாள் முழுமையாகும்.

இன்னும் ஒன்று. அந்தச் சுற்றுவட்டாரத்தில் வாழ்ந்த மூத்தவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களுக்கு விருப்பம் என்றால் மட்டும், கூட்டிக்கொண்டு போங்கள். வற்புறுத்தாதீர்கள். வந்தால் மதில் மேலே பட்டினப் பக்கமாகத் திரும்பி நிற்க விடுங்கள். 1619, 1658, 1795 எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, எப்போதும் வாசிக்கலாம். ஒழுங்கைகளில் நடந்தது பெரும்பாலும் அவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் அது இத்தனை வருடம் பிழையாகச் சொல்லப்பட்டு வந்தது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நல்லூரில் ஐஸ்கிறீம் குடித்துவிட்டு, பொழுதுபட பஸ் ஏறினோம். சின்னவள் அம்மாவின் மடியில் நித்திரை. மகன் அடுத்த நாள் இரவு ஒப்படையை எழுதி முடித்தான். மூன்று பக்கம் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர். நான்காவது பக்கத்துக்குக் "கோட்டைக்கு வெளியே" என்று தலைப்பு. அதில் சின்னமாமாவின் பெயரையும் வயதையும் எழுதி, தையல் மெசின் எடுக்கப் போனவர் என்று எழுதியிருந்தான். யார் அனுப்பியது என்று எழுதவில்லை.

பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க முன், அம்மாவிடம் வாசித்துக் காட்டினான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானும் ஒருதரம் வாசித்தா.

"வயது இருபத்திரண்டு இல்லை, இருபத்தொண்டு. ஆவணியிலதான் இருபத்திரண்டு முடியும்" என்றா.

அவன் வெட்டித் திருத்தி எழுதினான்.